அம்மாவின் குரலை நான் ஏன் அழித்தேன்

அன்புள்ள சார்லஸ்,

போன ஞாயிறு நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். "நம்ம கோயில் சேனல் இன்னாப்பா ஆச்சு? தேடினா வரவே மாட்டேங்குது. அம்மா ஜெபம் சொல்ற வீடியோவும் காணோமே" என்று கேட்டாய். ஃபோன் ரிப்பேர் ஆகிவிட்டது, பாகூர் கடைத்தெருவில் கொடுத்தேன், அதில் எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று சொன்னேன். நீயும் நம்பிவிட்டாய். ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. சேனலை மூடியது நான்தான். அம்மாவின் வீடியோவை எடுத்ததும் நான்தான். கை தவறி அழியவில்லை, தெரிந்தே அழித்தேன். ஃபோனில் தனியாக இருந்ததையும் தேடி அழித்தேன். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தண்ணீர்த் தொட்டி மோட்டார் ரூமில் திறந்த நேரம், மூடிய நேரம் எழுதியதைத் தவிர நான் வாழ்க்கையில் பெரிதாக எதையும் எழுதியவன் இல்லை. கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இதைப் படித்த பிறகு நீ என்னை வேறு மாதிரி நினைப்பாய் என்று தெரியும். அம்மாவை அடக்கம் செய்த அன்று, கல்லறையிலிருந்து திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவ நீங்க கண்ணு மாதிரி பாத்துக்கினீங்கப்பா, அது போதும் எனக்கு" என்று அழுதாய். வந்தவர்களிடமெல்லாம் கடைசி வரை பக்கத்திலேயே இருந்ததாக நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அங்கே பாரிசில் இருந்துகொண்டு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துத்தான் ஆறுதல் அடைந்திருப்பாய். அதை இப்போது உன்னிடமிருந்து பிடுங்குகிறேன். மன்னித்துக்கொள். அந்த வார்த்தை எனக்குச் சேர வேண்டியது இல்லை.

சேனலை ஆரம்பித்துக் கொடுத்தது நீ. ஊரடங்கு போட்டுக் கோயிலை மூடியிருந்த நேரம். ஃபாதர் தனியாகப் பூசை வைக்கிறார், ஊர் ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து தவிக்கிறார்கள் என்று நான் சொன்னதும், அங்கிருந்தபடியே ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்து, ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி லைவ் போட வைத்தாய். அது நல்ல காரியம். இன்றைக்கும் அதை நல்ல காரியம் என்றுதான் சொல்வேன். வில்லியனூரில் கட்டிக்கொடுத்த உன் அத்தை, கரையாம்புத்தூரில் படுக்கையில் கிடந்த பெரியவர் ஒருவர், நல்லவாட்டில் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த நம் சொந்தக்காரர்கள், எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பூசை கண்டார்கள். நான் தப்பு செய்தது அங்கே இல்லை. கோயிலைத் திறந்த பிறகும் நான் ஸ்டாண்டை மடக்கவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

முப்பத்திரண்டு வருடம் கொம்யூன் பஞ்சாயத்தில் மோட்டார் போட்டவன் நான். தண்ணீர் வந்தால் என்னை ஒருவரும் நினைத்தது இல்லை, வராவிட்டால் மட்டும் வாசலில் வந்து நிற்பார்கள். ரிட்டயர் ஆன பிறகு அதுவும் இல்லை. அப்படிப்பட்டவனை திடீரென்று, "சேனல்காரரே, போன வாரம் தேர் வீடியோ சூப்பர்" என்று பஸ்ஸில் முகம் தெரியாதவர் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? ஞாயிறு பூசை போதாமல் ஜெபக்கூட்டம், கல்லறைத் திருநாள், சப்பரம் ஜோடிப்பது, மாதாவுக்குப் புடவை சாத்துவது என்று எல்லாவற்றையும் எடுத்தேன். காலையில் எழுந்ததும் பூ படம் போட்ட வசனம் ஒன்றை எல்லா குரூப்புக்கும் அனுப்புவேன். அனுப்பிவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று பார்ப்பேன். அந்த வசனத்தை நான் படித்தேனா என்று கேட்டால், படிக்கவில்லை. பூசையில் ஃபாதர் நற்கருணை அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது ஊரே தலை குனிந்திருக்கும், நான் மட்டும் திரையில் கீழிருந்து மேலே பறக்கும் இதயப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வருடத்துக்கு மேல் நான் நற்கருணையை நேராகக் கண்ணால் பார்க்கவே இல்லை சார்லஸ். அதைவிடக் கொடுமை, அந்த இரண்டு வருடத்தில்தான் நான் மிகவும் பக்தியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா, தெரியவில்லை. உனக்குப் பத்து வயது இருக்கும். சாயந்தரம் ஏழு மணிக்கு நாம் மூன்று பேரும் முட்டி போட்டு ஜெபமாலை சொல்வோம். ஒரு நாள் கிரிக்கெட் மேட்ச், கடைசி ஓவர்கள். நீ டிவியை அணைக்காமல் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு முட்டி போட்டாய். வாய் ஜெபம் சொல்கிறது, கண் டிவியில் இருக்கிறது. நான் எழுந்து வந்து முதுகில் ஓங்கி அறைந்தேன். "சாமிக்கு முன்னாடி ரெண்டு மனசாடா உனக்கு?" என்று கத்தினேன். நீ அழக்கூட இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு மீதி ஜெபத்தைச் சொன்னாய். அம்மாதான், "அடிச்சா வருமா பக்தி? புள்ள சாமிய பாத்து பயப்படப் போவுது" என்றாள். அன்று உன்னை அடித்த கைதான், பிறகு பீடத்துக்கு முன்னால் நின்று திரையைத் தடவிக்கொண்டிருந்தது. உன்னை அடித்ததற்கு இதுவரை நான் வருத்தம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ லீவு போட்டு வந்து மூன்று வாரம் இருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து, கட்டில் போட்டு, வீல்சேர் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனாய். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் நாக்கில் மாட்டிக்கொண்டு வந்தது. நீ போன பிறகு ஒரு சாயந்தரம் அவள் என்னைக் கூப்பிட்டு, ஜெபமாலை சொல்லலாம் என்றாள். சொன்னோம். நான் முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், மறுபாதியில் முதலில் வரும் "அர்ச்சிஷ்ட" என்ற ஒரு சொல்லை அவள் தாண்டவே அவ்வளவு நேரம் ஆகும். ஐம்பத்து மூன்று முறை அப்படி. முன்பு இருபது நிமிடத்தில் முடியும் ஜெபம் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முதல் வாரம் பொறுமையாக இருந்தேன். இரண்டாவது வாரம், அவள் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் மடியில் இருந்த ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாள் அவள் முடித்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள், நான் அடுத்ததைத் தொடங்கவே இல்லை. "ஏங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. அந்நியர் வீட்டில் தண்ணீர் கேட்டுவிட்டு நிற்பவர் முகம் போல இருந்தது.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரோ அழகாகச் சொல்லிப் பதிவு செய்த ஜெபமாலை ஒன்றை ஃபோனில் போட்டு, அவள் தலையணை பக்கத்தில் வைத்தேன். எனக்கு வேறொரு ஃபோன் வாங்கிக்கொண்டேன். "இத்தோட கூடவே நீயும் சொல்லு லூர்து, உனக்கு எப்ப வேணுமோ அப்ப போட்டுக்கலாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து அவள் சொன்னாள்: "அது நிக்க மாட்டேங்குதுங்க."

"இன்னா நிக்கல?"

"நான் பாதி சொல்றதுக்குள்ள அது அடுத்ததுக்குப் போயிடுது. நான் ஓடி ஓடிப் பாக்கறன். முடியல."

"சரி, சும்மா கேட்டுனு இரு. கேட்டாலும் ஜெபம்தான்" என்று சொல்லிவிட்டு நான் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று நம் கோயிலில் கொடியேற்றம்.

தனத்தை உனக்குத் தெரியும். பின்தெருவில் இருக்கிறாள், அம்மாவோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். நம் கோயிலில் அவளுக்கு வேலை இல்லை, மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவதில் முன்னால் நிற்பவள். அம்மா படுத்ததிலிருந்து, மதியம் வேலை முடிந்து வந்ததும் நம் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, புடவை மாற்றி, தலை சீவிவிட்டுப் போவாள். கூப்பிட்டு வந்தவள் இல்லை, தானாக வந்தாள். அவள் வரும் நேரத்தில் நான் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. எடுத்த வீடியோவைச் சரிசெய்ய ஃபாதர் வீட்டு அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பேன்.

ஒரு நாள் சார்ஜர் எடுக்க வீட்டுக்கு வந்தேன். தெருக்கதவு திறந்திருந்தது. உள்ளே தனத்தின் குரல். "அருள் நெறஞ்ச மரியாயே வாழ்க" என்று ஆரம்பித்து, தப்பும் சரியுமாக முதல் பாதி முழுவதும் சொல்லி நிறுத்தினாள். பிறகு அம்மாவின் குரல், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. தனம் அவசரப்படவே இல்லை. அம்மாவின் கால் விரல்களைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தாள். அம்மா முடித்ததும், "ஆச்சாக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். எத்தனை நாளாக இது நடக்கிறதோ எனக்குத் தெரியாது. பிறகு தனமே சொன்னாள், அம்மா ஒரு வாரம் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்ததாகவும், மாட்டுக்குப் புல் அறுக்கும்போது சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்ததாகவும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, வேறு சாமி கும்பிடுகிற ஒருத்தி, வயலில் நின்று படித்திருக்கிறாள்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். வெளியே நின்று அழுதிருக்கலாம். சத்தம் போடாமல் திரும்பிப் போயிருந்தால்கூடப் போதும். நான் பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்தேன். யோசித்து எடுக்கவில்லை சார்லஸ், கை தானாகப் போயிற்று. ஜன்னல் பக்கம் போய், கம்பிக்கு நடுவில் வைத்து எடுத்தேன். வெளிச்சம் நன்றாக விழுகிறதா என்றுகூடப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஓடியிருக்கும், அம்மா தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். பாதி ஜெபத்தில் நிறுத்திவிட்டாள். தனமும் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாகப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டாள்.

அம்மா கேட்டாள்: "இதையும் போடப் போறீங்களா?"

"நல்ல விஷயம்தான லூர்து. நாலு பேரு பாத்தா நல்லதுதான" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று சாயந்தரமே, மதம் கடந்த அன்பு என்று தலைப்பு வைத்துப் போட்டேன். அந்தச் சேனலில் நான் போட்ட எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. எங்கெங்கோ இருந்து கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. நீயும் உன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி, "அப்பா, செம்மப்பா, அழுதுட்டன்" என்று எழுதினாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உனக்கு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நடந்தது எதுவும் தெரியாது. நீ பார்த்தது நான் காட்டியதைத்தான்.

மறுநாளும் தனம் வந்தாள். துடைத்தாள், புடவை மாற்றினாள். ஜெபம் சொல்லவில்லை. "சொல்லலாமாக்கா" என்று அவள் கேட்டதற்கு அம்மா கையசைத்து வேண்டாம் என்றுவிட்டாளாம். நான்காவது நாள் தனம் கோயிலுக்கே என்னைத் தேடி வந்தாள். உள்ளே வரவில்லை, கேட்டில் நின்றாள். "ண்ணா, அத்த எடுத்துடுண்ணா. எம் புள்ளைங்க ஃபோன்ல வந்துருக்குது. பெரியவன் சண்டை போடறான், மதம் மாத்தினாங்களான்னு தெருவுல கேக்கறாங்களாம். கூழ் ஊத்தற எடத்துல நான் எப்பிடி போயி நிப்பன்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு நாள் போவட்டும் தனம், எடுத்துடறன்" என்றேன். ஏன் இரண்டு நாள் என்றால், பார்க்கிறவர்களின் எண்ணிக்கை அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவள், "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு நம் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு நாள் ஆகி, இரண்டு வாரம் ஆகியும் நான் எடுக்கவில்லை. உடம்பு துடைக்க ஒரு நர்சம்மாவை ஏற்பாடு செய்தேன். அவர் சுத்தமாக வேலை பார்த்தார், வேலை முடிந்ததும் போய்விடுவார். அம்மா எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். ஜெபம் சொல்லலாமா என்று நான் ஒப்புக்குக் கேட்டால், "உங்களுக்கு வேலை இருக்கும், போங்க" என்பாள். அது குத்திக்காட்டுவதாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

அவள் கேட்டது ஒரே ஒரு நாள். அது அவள் போன நாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு மணிப் பூசைக்கு நான் ஆறரைக்கே கிளம்பிக்கொண்டிருந்தேன். "ஏங்க, இன்னைக்கு ஒரு தபா இருங்களேன். ஒரு பத்து மணி மட்டும் நீங்க சொல்லுங்க, போதும்" என்றாள். பத்து மணி என்றால் ஜெபமாலையில் பத்து மணிகள். அவள் வேகத்துக்குக் கால் மணி நேரம். அன்று பிஷப் நம் கோயிலுக்கு வருகிறார், எல்லோரும் லைவுக்குக் காத்திருக்கிறார்கள். "வந்து சொல்றன் லூர்து, அம்பத்து மூணும் சொல்றன்" என்று சொல்லி, பதிவு செய்த ஜெபத்தைப் போட்டுத் தலையணை பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். பூசை முடிந்து, விருந்தும் முடிந்து, பத்தரைக்கு வந்தேன். ஜெபம் எப்போதோ முடிந்து, ஃபோனில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் ஃபோனுக்கு எதிர்ப்பக்கம், சுவர் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பு ஆறியிருந்தது. டாக்டர், பக்கவாதம் இன்னொரு முறை வந்திருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார். இருக்கலாம். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்தில் இல்லை என்று சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து நீ பாரிசுக்குப் போன மறுநாள் தனம் வீட்டுக்குப் போனேன். சாவுக்கு வந்தபோது அவள் கூட்டத்தோடு நின்று அழுதுவிட்டுப் போயிருந்தாள், என்னிடம் பேசவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். நான் கைகூப்பி, "தப்பு பண்ணிட்டன் தனம். அன்னைக்கே எடுத்துருக்கணும்" என்றேன்.

"இனிமே எடுத்தா இன்னா, வெச்சா இன்னாண்ணா. அக்காவே போயிட்டாங்க" என்றாள். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "எனக்குப் பாதிதாண்ணா தெரியும். மீதி அக்காது. வேலை செய்யும்போது வாயில தானா வந்துடுது, பாதியில நின்னுடுது" என்றாள். நான் மீதியைச் சொல்லிக்கொடுக்கவா என்று கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைக் கடைசியாக ஒரு முறை முழுவதும் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்து நிறுத்துகிற இடத்தை நான் முதலிலேயே வெட்டிவிட்டிருந்தேன், உனக்கு அது தெரியாது. ஃபோனில் இருந்த பிரதியில் அது இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டையும் அழித்தேன். பிறகு சேனலையும் மூடினேன். அது அவள் கடவுளோடு தனியாக இருந்த நேரம். நான் திருடியது. திருடியதை வைத்துக்கொண்டு அழுவது சரியாகப் படவில்லை.

ஆனால் அது உனக்கும் சொந்தமான குரல் என்பதை அப்போது யோசிக்கவில்லை. அவள் பேசியதாக வேறு பதிவு ஏதும் நம்மிடம் இல்லை. ஊரில் நடந்ததையெல்லாம் எடுத்த நான், அவள் நன்றாக இருந்த நாளில் அவளை ஒரு முறைகூட எடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் அழித்தது நான் கடைசியாகச் செய்த தப்பு. அதற்குத்தான் உன்னிடம் முக்கியமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனாலும் நான் விழுந்த குழி எங்கே இருக்கிறது என்றாவது சொல்லிவிடுகிறேன். சாராயக்கடையும் சூதாட்டமும்தான் நம்மைக் கடவுளிடமிருந்து பிரிக்கும் என்று நம்மை வளர்த்தார்கள். அவை வந்தால் நமக்குத் தெரிந்துவிடும், ஊருக்கும் தெரிந்துவிடும், யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள். எனக்கு வந்தது சிலுவைப் படம் போட்டுக்கொண்டு, ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தது. ஊரே கைதட்டியது. அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது யோசித்தால் ஒரு அடையாளம் இருந்திருக்கிறது. பூசையில் ஜெபம் தடைபட்டால் எனக்குக் கோபம் வந்ததில்லை, சிக்னல் தடைபட்டால் வந்தது. அம்மா கூப்பிட்டால் எரிச்சல் வந்தது, ஃபோன் கூப்பிட்டால் வரவில்லை. எதை நிறுத்தச் சொன்னால் உனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பார். அந்த இடத்தில் நீ எதைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்பது தெரிந்துவிடும்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது, கோயிலுக்கு ரயில் ஏறிப் போக வேண்டியிருக்கிறது, வீட்டிலேயே பூசையைப் போட்டுவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்கிறோம் என்று சொன்னாய். அதே பேச்சில், ஏஞ்சல் எதையோ வரைந்து எடுத்துக்கொண்டு வந்து "அப்பா" என்று உன்னை மூன்று முறை கூப்பிட்டாள். நீ என்னோடு பேசிக்கொண்டே கீழே வேறு எதையோ தட்டிக்கொண்டிருந்தாய். மூன்றாவது முறைக்குப் பிறகு அவள் அந்தத் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அது தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன் சார்லஸ். எங்கே என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் இன்னும் கூப்பிடுகிற வயதில் இருக்கிறாள். கூப்பிடுவதை நிறுத்துவதற்குள் திரும்பிப் பார். அது முடிந்தால் மற்றது தானாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. கூப்பிடுகிற மனுஷரைத் திரும்பிப் பார்க்காதவன், சத்தமே போடாமல் காத்திருக்கிற கடவுளை எப்படித் திரும்பிப் பார்ப்பான்?

இப்போது கோயிலில் இளைஞர்கள் லைவ் போடுகிறார்கள், நன்றாகச் செய்கிறார்கள். நான் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருகிறேன். முதல் ஞாயிறு கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நற்கருணையை உயர்த்தும்போது நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணீரும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. அவ்வளவு நாள் திரும்பிப் பார்க்காதவனுக்கு உடனே முகம் காட்ட வேண்டும் என்று கடவுளுக்கு என்ன கட்டாயம்? சாயந்தரம் ஏழு மணிக்கு வீட்டில் உட்காருகிறேன். ஜெபமாலையின் இரண்டு பாதியையும் நானே சொல்கிறேன். அம்மாவுக்கு ஆன நேரத்தையே எடுத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். பத்து மணிகூட முடிவதற்குள் எழுந்து ஓடலாம் போல இருக்கிறது. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது. சில நாள் ஓடியும்விடுகிறேன், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன். இதற்கு மேல் என்னிடம் பக்தி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். படித்ததும் ஃபோன் செய்யாதே. ஃபோனில் என் குரலைக் கேட்டால் உனக்கு மனசு இளகிவிடும், "பரவால்லப்பா, வுடுங்க" என்று சொல்லிவிடுவாய். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவேன். எனக்கு அது வேண்டாம். உட்கார்ந்து எழுது. உன் அம்மாவுக்கு நான் செய்ததைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறதோ அதையே எழுது. கோபம்தான் வருகிறது என்றால் கோபத்தை எழுது. எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாலும் சரி, நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா